மோர்கம் கடற்கரைக்கு அம்மா அப்பாவைக் கூட்டிப்போகலாமா?

நீங்கள் கேட்டது நான்கு வரிதான். லீட்ஸில் வேலை பார்க்கிறீர்கள். தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் அப்பாவும் செப்டம்பரில் ஊர் திரும்புகிறார்கள். அதற்குள் ஒரு நாள் இங்குள்ள கடற்கரை ஒன்றைக் காட்ட வேண்டும். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள மோர்கம் என்று சொன்னதும் அலுவலகத்தில் சிரித்து, “அது செத்த ஊர், பிளாக்பூலுக்குப் போங்கள்” என்றார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. போகலாமா, வேண்டாமா, அந்த ஊருக்கு அப்படி என்னதான் ஆயிற்று என்று முடித்திருக்கிறீர்கள்.

ரயில் நேரமும் சாப்பாட்டுக் கடையும் மட்டும் தெரிய வேண்டுமென்றால் இங்கே கேட்டிருக்க மாட்டீர்கள். இவ்வளவு தூரம் வந்த பெற்றோரை ஒரு பாழடைந்த ஊருக்குக் கூட்டிப்போய் நிறுத்திவிடுவோமோ என்ற பயம் உங்கள் கேள்விக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். போங்கள், தயங்காமல் போங்கள். ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒன்று, மோர்கம் விரிகுடாவில் ஓதம், அதாவது தினமும் ஏறி வடியும் கடல்நீர், எப்படி ஏறி இறங்குகிறது என்பது. மற்றொன்று, அந்த ஊர் யாருக்காகக் கட்டப்பட்டது என்பது. முதலாவது தெரியாமல் போனால் கடலையே பார்க்காமல் திரும்ப நேரிடும். இரண்டாவது தெரியாமல் போனால், கண்ணில் படுவதெல்லாம் பெயர்ந்த சுண்ணாம்பாகவும் பூட்டிய கடையாகவும்தான் தெரியும்.

நான் நகரமைப்பு படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக லங்காஷயரில் இருக்கிறேன். என் வேலையில் பெரும்பகுதி பழைய வீடுகளுக்குள் போய் அறைகளை எண்ணி, எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், சுவர் தாங்குமா, தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா என்று எழுதுவது. கடற்கரை ஊர்களின் பழைய விடுதி வீடுகள் பலவற்றில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஆகவே ஊரைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் சொல்வதை நம்பலாம். அம்மாவின் முழங்காலுக்கு எவ்வளவு நடை தாங்கும் என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அங்குள்ள கடலோர நடைபாதை பல கிலோமீட்டருக்கு மேடு பள்ளம் இல்லாத சமதரை, உட்கார வழிநெடுக இருக்கை உண்டு என்பது வரை நான் சொல்லலாம்.

முதலில் ஊரின் பிறப்பு. அந்த இடத்தில் முன்பு இருந்தது போல்ட்டன்-லி-சாண்ட்ஸ் (Poulton-le-Sands) என்ற மீனவச் சிற்றூர். 1848இல் லங்காஸ்டரிலிருந்து அங்கே ரயில் பாதை வந்தது. இரண்டு ஆண்டுகளில் அது யார்க்ஷயர் பாதைகளோடு இணைந்தது. ரயில் கம்பெனி நினைத்தது துறைமுகத்தை. உண்மையில் வந்து இறங்கியது சரக்கைவிட மனிதர்கள். லீட்ஸ், பிராட்ஃபோர்ட் கம்பளி ஆலைகளில் ஆண்டு முழுவதும் புகையும் நூல் தூசியும் தின்றவர்கள், ஒரு ரயிலில் ஏறினால் கடல் என்றானதும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். விரிகுடாவின் பெயரே ஊருக்கும் நிலைத்து, 1889இல் அதிகாரபூர்வமாக மோர்கம் ஆனது. ‘கடலோர பிராட்ஃபோர்ட்’ என்று அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆகவே நீங்கள் லீட்ஸிலிருந்து அங்கே போவது, அந்த ஊர் எந்த ஜனங்களுக்காக எழுந்ததோ அவர்களின் அதே வழியில் போவதாகும். ஸ்கிப்டன், பெந்தம் வழியாக லங்காஸ்டருக்கு வரும் அந்தப் பாதை இன்றும் ஓடுகிறது. ஒரு நாளைக்குச் சில ரயில்கள் மாறாமலே மோர்கம் வரை போகின்றன. ஏறத்தாழ இரண்டு மணி நேரம். போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். பாதி வழியில் இங்கிள்பரோ மலை, உச்சி தட்டையாகச் சீவியது போல, வெகுநேரம் கூடவே வரும்.

வடக்கு இங்கிலாந்தின் ஆலை ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுக்கு ஒரு வாரம் ஊரின் ஆலைகள் எல்லாம் மொத்தமாக மூடப்படும். கொதிகலனைத் துடைக்கவும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கவும் அந்த வாரம் பயன்படும். லங்காஷயரில் அதை வேக்ஸ் வாரம் என்பார்கள், பிராட்ஃபோர்டில் போலிங் டைட் என்பார்கள். ஒரு காலத்தில் கோயில் திருவிழாவாக இருந்து ஆலை விடுமுறையாக மாறியவை இவை. ஒவ்வொரு ஊருக்கும் வேறு வேறு வாரம் என்பதால், கடற்கரை ஊர்களுக்கு ஒரு ஊர் போனதும் அடுத்த ஊர் என்று கோடை முழுவதும் ஆள் வந்துகொண்டே இருந்தது. நெடுங்காலம் அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. வாரம் சில காசு என்று ஆண்டு முழுக்கச் சேமிப்புச் சங்கத்தில் கட்டி, அந்த ஏழு நாளில் செலவழித்தார்கள். விடுமுறைக்கும் ஊதியம் என்ற சட்டம் 1938இல்தான் வந்தது. ஒரு தெருவே சேர்ந்து கிளம்பி, ஊரில் அடுத்த வீட்டில் இருந்தவர் கடற்கரையிலும் அடுத்த அறையில் இருப்பார். நம் பக்கத்தில் திருச்செந்தூருக்கு ஊர் திரண்டு போவதை நினைத்துக்கொண்டால் அந்தக் காட்சி பிடிபடும்.

அவர்கள் தங்கிய விடுதி வீடுகளைப் பற்றி நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்று, நான்கு மாடி உயரம், ஒடுங்கிய முகப்பு, ஒரு மாடிக்கு மூன்று நான்கு அறைகள். இன்று அவற்றில் குடியிருக்கும் வீடுகளில்கூட, குழந்தை தூங்கும் அறையின் கதவில் பித்தளையில் 7 என்ற எண் அப்படியே இருக்கும். மூலையில் முகம் கழுவ ஒரு சிறு பீங்கான் தொட்டி இருக்கும். எல்லா அறையிலும் வெந்நீரும் தண்ணீரும் உண்டு என்று வாசலில் எழுதி வைத்து ஆள் பிடித்த காலத்து மிச்சம் அது. விடுதியை நடத்திய அம்மாள்கள் கண்டிப்பானவர்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் வெளியே போய்விட வேண்டும், மாலைச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்ப வேண்டும். மேசையில் வைத்த உப்புக்கும் மிளகுக்கும் தனிக் காசு வாங்கியவர்கள் உண்டு. இங்கிலாந்தின் மழையில், கைக்குழந்தையோடு, பகல் முழுவதும் வெளியே! ஒரு கடற்கரை ஊரில் இத்தனை மண்டபங்களும் நாடக அரங்குகளும் கூரை போட்ட இருக்கைகளும் ஏன் என்று புரியாமல் நான் விழித்ததுண்டு. இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டதும் அது விளங்கிவிட்டது. போக இடமில்லாத ஆயிரக்கணக்கானவர்களுக்குக் காசுக்கேற்ற கூரை தேவைப்பட்டது.

அப்படி எழுந்தவைதான் 1869இல் கடலுக்குள் நீண்ட மத்தியக் கடற்பாலமும், 1896இல் வந்த மேற்குக் கடற்பாலமும், 1897இல் திறந்த விண்டர் கார்டன்ஸ் அரங்கும். மத்தியக் கடற்பாலத்தின் முனையில் குவிமாடங்களோடு ஒரு மண்டபம் இருந்தது. அதை ‘வடக்கின் தாஜ்மகால்’ என்று அழைத்தார்கள். ஆக்ராவுக்குப் போகும் வாய்ப்பே இல்லாத ஆலைத் தொழிலாளிகள் அதனடியில் நடனமாடினார்கள். 1933இல் அது எரிந்துபோனது. அதே ஆண்டில்தான் ரயில் கம்பெனி, ஆலிவர் ஹில் என்ற கட்டடக்கலைஞரைக் கொண்டு மிட்லண்ட் ஹோட்டலைத் திறந்தது. 1936இல் திறந்தவெளியில் ஒரு மாபெரும் நீச்சல் குளம் வந்தது. 1945 முதல் 1989 வரை மிஸ் கிரேட் பிரிட்டன் அழகிப் போட்டிகள் இந்த ஊரில் நடந்தன. போருக்குப் பின் வந்த ஆண்டுகள்தான் ஊரின் உச்சம்.

இறக்கம் இப்படி நடந்தது: நீச்சல் குளம் 1976இல் இடிக்கப்பட்டது. மேற்குக் கடற்பாலத்தை 1977 நவம்பர் புயல் உடைத்தது. விண்டர் கார்டன்ஸ் அதே 1977இல் பூட்டப்பட்டது. மத்தியக் கடற்பாலம் 1992இல் பிரித்து எடுக்கப்பட்டது. கேளிக்கைப் பூங்கா நூற்றாண்டு திரும்பும் வேளையில் மூடியது. இன்று மோர்கமில் ஒரு கடற்பாலம்கூட இல்லை. பிளாக்பூலில் மூன்றும் நிற்கின்றன. உங்கள் அலுவலகத்தில் சிரித்தவர்கள் இதை நினைத்துத்தான் சிரித்திருப்பார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் உண்டு, விவாதத்துக்குரியதும் உண்டு. ஆலைகள் மூடின, அதோடு ஊரே ஒன்றாக விடுமுறை போகும் வழக்கமும் செத்தது. கார் வந்தது, ஒரு வாரம் தங்கியவர்கள் மாலையே வீடு திரும்பினார்கள். 1960களுக்குப் பின் ஸ்பெயினுக்கு மலிவு விமானப் பயணம் வந்தது. இவை மூன்றும் உறுதி. ஆனால் “எல்லாம் ஸ்பெயினால்” என்று ஒரே வார்த்தையில் முடிப்பதை நான் ஏற்பதில்லை. ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகத்தின் பீட்டி, ஃபாதர்கில் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனின் கடற்கரை ஊர்களை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் வேலைகள் குறையவில்லை, கூடியே இருக்கின்றன, ஆனால் வேலை தேடும் வயதில் வந்து குடியேறியவர்கள் அதைவிட வேகமாகக் கூடினார்கள் என்று காட்டியது. இது நான் வீடுகளுக்குள் கண்டதோடு ஒத்துப்போகிறது. விருந்தாளி வராத விடுதி வீட்டை என்ன செய்வது? ஒவ்வொரு அறையையும் தனித்தனியாக மலிவு வாடகைக்கு விட்டார்கள். எங்கெங்கோ வாடகை கட்ட முடியாதவர்கள், தனித்தவர்கள், நோயாளிகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். மேற்குப் பகுதித் தெருக்கள் இங்கிலாந்தின் மிக ஏழ்மையான தெருக்களில் சேர்ந்தது இந்த வழியில்தான். நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2021இல் தம் ஆண்டறிக்கை முழுவதையும் கடலோர ஊர்களின் உடல்நலத்துக்கே ஒதுக்கியதற்கும் இதுபோன்ற தெருக்கள்தான் காரணம். மாநகராட்சி 1994இல் ஒரு தொலைக்காட்சிப் பொம்மையின் பெயரில் பூங்கா திறந்து, 13 வாரங்களில் மூடியதுதான் ஊரைக் கெடுத்தது என்று உள்ளூரில் இன்றும் சொல்வார்கள். அது பண நஷ்டம், பெரிய அவமானம். ஆனால் அது வருவதற்குள் இரண்டு கடற்பாலங்களும் போய்விட்டிருந்தன. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று எடைபோட்டுச் சொல்ல யாராலும் முடியாது. கடலை மக்கள் வெறுத்துவிட்டார்கள் என்பது மட்டும் காரணமே அல்ல.

இதையெல்லாம் உங்கள் அப்பாவிடம் ரயிலிலேயே சொல்லிவிடுங்கள். கோவில்பட்டியிலோ மதுரையிலோ மூடிய பஞ்சாலையைக் கடந்து போனவருக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கும்.

இனி கடல். என் அம்மாவை முதல் முறை அங்கே கூட்டிப்போனபோது நான் ஓதத்தைப் பார்க்காமல் போய்விட்டேன். சுவரோரம் நின்று கண்ணுக்கெட்டிய வரை ஈரமான சாம்பல் மணலைப் பார்த்த அம்மா, “கடல் எங்கே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தூத்துக்குடிக் கரையில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மோர்கம் விரிகுடாவில் அது 10 மீட்டரைத் தொடும், மூன்று மாடி உயரம். நீர் வடியும்போது கடல் 12 கிலோமீட்டர் வரை பின்வாங்கும். ஏறத்தாழ 310 சதுர கிலோமீட்டர் மணலும் சேறும் வெளியே தெரியும். நாட்டிலேயே இப்படிப்பட்ட வெளி இதுதான் மிகப் பெரியது. பிறகு அதே நீர் திரும்பி வந்து சுவரை அடிக்கும்.

ஆகவே நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் வீட்டில் தினசரி காலண்டர் இருந்தால் அதைப் பாருங்கள். அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ அடுத்த ஓரிரு நாள்களில் ஓதம் மிகப் பெரிதாக இருக்கும். அந்தக் கரையில் அப்படிப்பட்ட நாள்களில் நீர் உச்சத்துக்கு ஏறும் பேரோதம் நண்பகலை ஒட்டியே வரும், கோடைக்கால நேரப்படி பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் ஓதம் சிறிது, அதுவும் காலையிலும் மாலையிலும் வரும், நடுப்பகலில் வெறும் மணல்தான். பௌர்ணமிக்கு இரண்டாம் நாளாகப் பார்த்து, மோர்கத்துக்கான ஓத அட்டவணையில் நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டு, பேரோதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். முதலில் வெறும் மணல். பிறகு தொலைவில் ஒரு வெள்ளிக் கோடு. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது அகலமாகும். கரைப்பறவைகள் நீர் தங்களைத் தள்ளத் தள்ளக் கூட்டமாக எழுந்து, ஒரே துணியை உதறியதுபோல் திரும்பி, இன்னும் கொஞ்சம் கரையோரமாக இறங்கும். சிவந்த நீள அலகோடு கறுப்பு வெள்ளையில் இருப்பவை சிப்பி தின்பவை. வளைந்த அலகோடு நீளமாகக் கூவுபவை கர்லூ எனப்படும் கடற்கரைக் கோட்டான்கள். குளிர்காலத்தில் இவை லட்சக்கணக்கில் வரும், ஆகஸ்டிலேயே வரத்து தொடங்கிவிடும். உங்கள் அம்மா அந்த ஒரு மணி நேரம் இருக்கையை விட்டு எழத் தேவையே இல்லை.

ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மணலில் நடந்து உள்ளே போகாதீர்கள். அப்பா கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர், தனக்குத் தெரியாததா என்று நினைப்பார். அவருக்குத் தெரிந்த கடல் வேறு. இங்கே நீர் முன்னால் இருந்து அலையாக வருவதில்லை. மணலில் பள்ளமாக ஓடும் வாய்க்கால்களில் முதலில் சத்தமில்லாமல் ஏறும். நீங்கள் நிற்கும் மேடு காய்ந்தே இருக்கும், உங்களுக்கும் கரைக்கும் நடுவில் நீர் நிறைந்திருக்கும். குதிரை ஓடும் வேகம் என்று ஊரார் சொல்வார்கள். ஆற்று வாய்க்கால்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், நேற்று கெட்டியாக இருந்த மணல் இன்று புதைமணலாக இருக்கும். ரயில் வருவதற்கு முன் இந்த மணலைக் கடந்துதான் குதிரை வண்டிகள் வடக்கே போயின. வழிகாட்ட அரசரே ஆள் நியமிக்கும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. செட்ரிக் ராபின்சன் என்ற மீனவர் 1963 முதல் 2019 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார், ஆண்டுக்கு 15 பவுண்டு சம்பளத்தில். இன்றும் மணலைக் கடந்து நடக்க விரும்புகிறவர்கள் வழிகாட்டியோடு சேர்ந்துதான் போகிறார்கள். 2004 பிப்ரவரி 5 இரவில் மட்டி பொறுக்க அனுப்பப்பட்ட சீனத் தொழிலாளர்கள் இந்த மணலில் ஓதத்தில் சிக்கினார்கள். குறைந்தது 21 பேர் இறந்தார்கள். மொழி தெரியாது, ஓதம் தெரியாது, அனுப்பியவன் எச்சரிக்கவில்லை. கூலிக்கு ஆள் அனுப்பும் முகவர்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டம் அந்த ஆண்டே வந்தது. ஊர் விட்டு ஊர் பிழைக்க வந்த நம்மைப் போன்றவர்கள் அந்தச் சுவரோரம் ஒரு நிமிடம் நின்று அவர்களை நினைப்பது தகும். யாராவது மணலில் சிக்கியதைப் பார்த்தால் 999ஐ அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள், நீங்கள் இறங்காதீர்கள். சேற்றில் படகு ஓடாது என்பதால் அங்கே உயிர்காப்புச் சங்கத்தினர் காற்று மெத்தைமேல் ஓடும் ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறார்கள்.

ஓதம் பார்த்தாயிற்று என்றால் மிட்லண்ட் ஹோட்டலுக்குள் போங்கள். ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். வெள்ளை வெளேரென்று, கடற்கரையின் வளைவோடு வில்போல் வளைந்த மூன்று மாடிக் கட்டடம். முகப்பில் நிமிர்ந்து பார்த்தால் எரிக் கில் செதுக்கிய இரண்டு கடற்குதிரைகள். உள்ளே சுழல் படிக்கட்டின் நடுவில் நின்று தலையை உயர்த்தினால் கூரையில் கடல்தேவனின் வட்டச் சிற்பம். இங்கே எரிக் ரவிலியஸ் என்ற ஓவியர் தீட்டிய சுவரோவியமும் இருந்தது. பூச்சின் ஈரம் காயாத சுவரில் தீட்டியதால் வெகு சீக்கிரம் உரிந்துபோயிற்று. 1998இல் மூடிக் கிடந்து, ஜன்னல்கள் உடைந்து, இடித்துவிடுவார்களோ என்று நாங்கள் பயந்த கட்டடம் இது. 2008இல் புதுப்பித்துத் திறந்தார்கள். தேநீரும் கேக்கும் விலை கூடுதல்தான், முன்பதிவும் வேண்டியிருக்கும். ஆனால் கடலைப் பார்த்த அந்த வளைந்த கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவை ஒரு மணி நேரம் உட்கார வைப்பதற்கு அந்த விலையைக் கொடுக்கலாம். எதிரே பழைய ரயில் நிலையம் இருக்கிறது. 1907இல் கட்டியது, 1994இல் ரயில் வேறு இடத்துக்கு மாறியதும் கலைநிகழ்ச்சி அரங்கமானது.

கொஞ்ச தூரத்தில் செங்கல்லும் சுடுமண்ணுமாக விண்டர் கார்டன்ஸ். பூட்டிய இடத்தைத் தன்னார்வலர்கள் கையில் எடுத்துப் பல ஆண்டுகளாக மீட்டுவருகிறார்கள். பொதுமக்களுக்குத் திறந்து காட்டும் நாளாக இருந்தால் கட்டாயம் உள்ளே போங்கள். பெயிண்ட் உரிந்த மேல்மாடங்களுக்குக் கீழே நின்று மேலே பார்த்தால், ஆலைப் பெண்ணுக்கும் அரண்மனை தரலாம் என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும். நன்கொடைப் பெட்டியில் ஏதாவது போடுங்கள்.

நடைபாதையில் ஒரு காலைத் தூக்கி, கையைத் தலைக்குப் பின் வைத்து ஆடும் வெண்கலச் சிலை ஒன்று வரும். அவர் எரிக் மோர்கம், நகைச்சுவை நடிகர். 1926இல் இந்த ஊரில் பிறந்து ஊர்ப்பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டவர். கூட்டாளி எர்னி வைஸோடு 1977இல் அவர் நடத்திய கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். சிலையின் கழுத்தில் தொங்கும் இருநோக்கியைக் கவனியுங்கள். அவர் பறவை பார்ப்பதில் ஆர்வம் கொண்டவர். சிலையை 1999இல் எலிசபெத் அரசி திறந்துவைத்தார். எல்லோரும் அதே போல் காலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள், அப்பாவும் எடுத்துக்கொள்ளட்டும்.

சாப்பாடு. மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் எங்கும் கிடைக்கும், உப்பும் வினிகரும் தெளித்துத் தருவார்கள். ஹாடக் என்று கேட்டு வாங்குங்கள். நம் வீட்டுக் குழம்பு மீனைத் தின்று வளர்ந்தவர்களுக்குச் சப்பென்று இருக்கலாம் என்பதால், ஒரு சிறு டப்பாவில் ஊறுகாய் கொண்டுபோவது நல்லது. ஆனால் இந்த விரிகுடாவுக்கே உரிய ஒரு பண்டத்தை விடாதீர்கள். விரல் நீளம்கூட இல்லாத பழுப்பு நிறச் சிற்றிறாலைப் பிடித்த கையோடு வேகவைத்து, உரித்து, ஜாதிபத்திரி சேர்த்து உருக்கிய வெண்ணெயில் அமிழ்த்திச் சிறு கிண்ணத்தில் உறைய வைப்பார்கள். சுட்ட ரொட்டியில் தடவியதும் வெண்ணெய் இளகி, ஜாதிபத்திரியின் மணம் முதலில் மூக்குக்கு வரும், பிறகுதான் இறாலின் இனிப்பு. உங்கள் அம்மா அதில் என்ன மசாலா என்று ஒரே கடியில் சொல்லிவிடுவார். ஐஸ்கிரீமுக்கு புரூச்சியானி கடை. 1939இல், போர் மூளும் தறுவாயில் திறந்தது. உள்ளே மர வேலைப்பாடு இன்னும் அந்தக் காலத்து வாடை மாறாமல் இருக்கிறது.

ஊருக்கு எடுத்துப்போக ‘ராக்’ என்ற சர்க்கரைக் குச்சி வாங்குங்கள். எங்கே உடைத்தாலும் உள்ளே ஊர்ப்பெயர் தெரியும். வண்ணச் சர்க்கரைப் பாகைப் பட்டை பட்டையாக அடுக்கி எழுத்துகளைப் பெரிதாகச் செய்து, ஆள் பருமனுக்கு ஒரு உருளையாகக் கட்டி, சூடு ஆறுவதற்குள் உருட்டி உருட்டி இழுத்து விரல் கனத்துக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு எழுத்தும் இழுக்க இழுக்கச் சிறுத்து, குச்சியின் நீளம் முழுக்க ஓடும்.

நேரமும் தெம்பும் இருந்தால் பஸ்ஸில் ஹெய்ஷம் கிராமத்துக்குப் போய் வாருங்கள். கடலைப் பார்த்த பாறை மேட்டில் ஒரு பாழடைந்த சிறு தேவாலயம், பக்கத்தில் பாறையிலேயே மனித உருவத்துக்குக் குடைந்த கல்லறைகள். ஆயிரம் ஆண்டு பழமை. மழைநீர் தேங்கி வானம் தெரியும். ஆனால் மேட்டில் ஏற வேண்டும். அம்மாவுக்கு முடியாதென்றால் இதை விட்டுவிடுங்கள், குறை ஒன்றுமில்லை.

பிளாக்பூலா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைகள் இருந்தால் நான் பிளாக்பூலையே சொல்லியிருப்பேன். 1894இல் எழுந்த 158 மீட்டர் கோபுரம், டிராம், ராட்டினங்கள் எல்லாம் உண்டு. இரைச்சலும் கூட்டமும் உண்டு. முழங்கால் வலிக்கும் அம்மாவுக்கும் நிதானமாகப் பேச விரும்பும் அப்பாவுக்கும் மோர்கம்தான் பொருத்தம். மத்திய அரசு 2023 ஜனவரியில் 5 கோடி பவுண்டு ஒதுக்கிய ஈடன் திட்டத்தைப் பற்றியும் அலுவலகத்தில் சொல்லியிருப்பார்கள். பழைய நீச்சல் குளம் இருந்த இடத்தில் தோட்ட மண்டபங்கள் எழுப்புவது அதன் நோக்கம். அது ஊரைத் தூக்கி நிறுத்தும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஆனால் விருந்தாளிகள் வருவதால் மட்டும் மேற்குத் தெருக்களின் வாடகை அறைகள் வீடாகிவிடும் என்று ஒரு நகரமைப்புக்காரனாக என்னால் உறுதி சொல்ல முடியாது. உங்கள் பயணத்தை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், செப்டம்பரில் அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள்.

காற்று ஓயாது. சேலைக்கு மேல் கனமான கோட்டும் தலைக்கு மூடும் துணியும் ஆகஸ்டிலும் வேண்டும். கடைசி நேரடி ரயில் சீக்கிரமே போய்விடும். ஆனால் லங்காஸ்டருக்குப் பத்து நிமிடத்தில் போகும் ரயில்கள் அதற்குப் பின்னும் உண்டு, அங்கிருந்து மாறி வரலாம் என்பதால் திரும்பும் நேரத்தை முன்பே பார்த்துவைத்துக்கொண்டு மாலை வரை இருங்கள். நடைபாதை மேற்கும் வடக்கும் பார்த்தது. வெயில் சாயும்போது விரிகுடாவின் எதிர்க்கரையில் ஏரி மாவட்டத்து மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலத்தில் எழும், அதற்குள் நீர் வடிந்திருக்கும், ஈர மணல் முழுவதும் பொன்னாகும். தூத்துக்குடியில் கிழக்கே கடலில் சூரியன் உதிப்பதைத்தான் அவர்கள் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறார்கள். மிட்லண்ட் ஹோட்டலுக்குப் பக்கத்தில் கடலுக்குள் நீளும் பழைய கல் துறைமேடையின் முனைக்கு அருகில் இருக்கைகள் இருக்கின்றன. நடுவில் அம்மாவை உட்கார வையுங்கள், இரண்டு பக்கமும் நீங்களும் அப்பாவும் உட்கார்ந்து காற்றைத் தடுக்கலாம்.